அகத்திக் கட்டு

சாலம்மாளின் கூடை ஒரு நாளைக்கு மூன்று தடவை தலையிலிருந்து இறங்கும். காலை ஏழு மணிக்கு ஆபீசர் காலனியில். பத்து மணி வாக்கில் கடைவீதிக்குப் பின்பக்கத்துத் தெருக்களில். சாயங்காலம் நாலு மணிக்குக் கோமுகி ஆற்றோர மேட்டில், அவள் குடிசை போட்டிருக்கும் இடத்திலேயே.

காலனிக்காரர்கள் வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்துத்தான் எடுப்பார்கள். ஒடியாமல் வளைந்தது கூடையிலேயே கிடக்கும். கடைவீதிக்காரர்கள் வளைந்ததை எடுத்துக்கொண்டு சொத்தையை விட்டுவிடுவார்கள். மேட்டுக்கு வந்து சேரும்போது கூடையில் இருப்பது காய் அல்ல, காயின் மிச்சம். சொத்தையை நகத்தால் கிள்ளி எறிந்து, துவண்ட கீரைக்குத் தண்ணீர் தெளித்து, சாக்கை விரித்துக் கூறு கூறாகப் பிரித்து வைப்பாள். அங்கே தராசுக்கு வேலையில்லை. கரும்பு வெட்டிவிட்டும் மூட்டை தூக்கிவிட்டும் வருகிற சனம் கூறைக் கண்ணால் அளந்து முந்தானையில் வாங்கிப் போகும். கூறிலும் போகாதது எதுவோ, அது சாலம்மாள் வீட்டுக் குழம்பு.

பதினோரு வருஷமாக இதுதான் வரிசை. யாரும் உட்கார்ந்து போட்ட வரிசை இல்லை. முதல் தெருவில் விற்றால்தான் மறுநாள் மண்டியில் சரக்கு எடுக்க முடியும், அவ்வளவுதான்.

எண்பத்தேழாம் வருஷம், புரட்டாசி பிறப்பதற்கு முதல் நாள், புதன்கிழமை, கூடை மேட்டுக்கு வந்து சேரவில்லை. மறுநாள் தொடங்கி ஒரு வாரம் சாலை மறியல், ஆத்தூரிலிருந்து காய்கறி லாரி வராது என்ற சேதி விடிவதற்குள் காலனிக்குப் போய்விட்டிருந்தது. அன்றைக்கு யாரும் நுனி ஒடித்துப் பார்க்கவில்லை. ஏழே முக்காலுக்குள் கூடையின் அடிப்பிரம்பு தெரிந்தது. கூட்டுறவு ஆபீசர் வீட்டுக் கமலாம்மா கேரட்டை மட்டும் மூன்று கிலோ எடுத்துக்கொண்டார்.

"ஃப்ரிட்ஜில வெச்சா கெடாது சாலம்மா. புரட்டாசி வேற. கறி மீனும் கிடையாது. காயும் இல்லேன்னா பசங்களுக்கு என்னத்தைப் போடறது?"

சாலம்மாளுக்கு அன்றைக்குச் சந்தோஷம்தான். எட்டு மணிக்கெல்லாம் வெறுங்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு திரும்பியது அவள் ஆயுசில் அதுதான் முதல் தடவை.

வீட்டு வாசலில் அவள் புருஷன் பச்சமுத்து கருங்கல்லில் கோடாலி தீட்டிக்கொண்டிருந்தான். மண்டியில் மூட்டை தூக்குகிறவன். மண்டியே மூடிவிட்டால் தூக்க என்ன இருக்கிறது.

"இன்னாய்யா இது, கோடாலிய தீட்டிக்கினு?"

"தியாகதுருகம் ரோட்ல மரம் சாய்க்கணுமாம். சங்கத்துல வூட்டுக்கு ஒரு ஆளு கூப்புட்டிருக்காங்க."

"புள்ளைக்கு நேத்துதான் மூணாந் தண்ணி ஊத்திருக்கு. நீ பாட்டுக்குப் போய்ட்டா நான் கூடையப் பாப்பனா, அவளப் பாப்பனா?"

"அவளுக்குத்தாம்மே போறன். படிப்புலயும் வேலையிலயும் நம்ம ஜனத்துக்குன்னு தனியா எடம் ஒதுக்கி எழுதி வாங்கிட்டா, நாளைக்கு இவ படிச்சி அந்தக் காலனிலயே ஆபீசரா ஒக்காருவா. நீ கூடை எறக்குற வாசல்ல நின்னுக்கினு வெண்டைக்கா ஒடிச்சிப் பாப்பா."

"ஒடிப்பா, ஒடிப்பா. மொதல்ல எழுந்து நடக்கட்டும்."

"ஒரு வாரந்தாம்மே," என்று சொல்லிவிட்டு, தூக்கத்திலிருந்த மகளின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனான்.

அந்த மகளுக்குச் செந்தமிழ்ச்செல்வி என்று பெயர் வைத்தவன் அவன்தான். மேட்டில் எல்லோருக்கும் செல்வி. நாலு வயது. ஆவணி முதல் வாரத்தில் மணல்வாரி அம்மை வார்த்து, உடம்பெல்லாம் சிவந்து, ஒரு வாரம் கண்ணைத் திறக்காமல் கிடந்தாள். வீட்டில் அம்மா இறங்கியிருக்கும்போது தாளிக்கக் கூடாது. எண்ணெய்ச் சட்டி அடுப்பேறக் கூடாது. கீரை, காய் எதுவும் ஆகாது. வேப்பிலைப் படுக்கை, நொய்க்கஞ்சி, எப்போதாவது இளநீர். தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி முடிக்கிறவரைக்கும் அதுதான். சாலம்மாள் ஒன்றையும் பிசகவில்லை. மூன்று வாரமும் கூடையில் மிஞ்சிய கீரையைப் பக்கத்து வீட்டு ராணியம்மாளுக்குக் கொடுத்தாள். அம்மை இறங்கிப் போயிற்று. பிள்ளையின் தோல் மட்டும் எலும்போடு ஒட்டி, புளியங்காய்த் தோல் மாதிரி சொரசொரவென்று ஆகிவிட்டது.

மூன்றாம் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது, இனிமேல் எல்லாம் கொடுக்கலாம் என்று இருந்த நேரத்தில்தான் கொடுக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று.

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரம். சாலம்மாள் அடுப்படியிலிருந்து, "செல்வி, அந்தச் சொம்ப எடுத்துக்கினு வா," என்றாள். செல்வி எழுந்தாள். சொம்பு கண்ணெதிரில்தான் இருந்தது. அதைத் தாண்டிப் போய்ச் சுவரில் இடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு கையையும் சுவரில் வைத்துத் தடவினாள். அழவில்லை. சுவர் அங்கே வந்துவிட்டதே என்பது மாதிரி நின்றாள்.

"இன்னாடி, இங்க இருக்குது பாரு சொம்பு."

"எங்கம்மா?"

சாலம்மாள் அடுப்பை விட்டு ஓடிவந்து அவள் முகத்துக்கு நேரே விரலை ஆட்டினாள். செல்வி அம்மாவின் மூச்சு வந்த பக்கம் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஒரு சாண் தள்ளிப் போய் விழுந்தது.

ராணியம்மாள் வந்து பார்த்தாள். நாலு பிள்ளை பெற்று இரண்டைப் பறிகொடுத்தவள். சிம்னி விளக்கை மேலும் கீழும் நகர்த்தினாள். பிறகு விளக்கைத் தரையில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"மாலைக்கண்ணுடி இது."

"பகல்ல நல்லாத்தானே பாக்குறா யக்கா?"

"மொதல்ல பொழுது சாஞ்சாத்தான் தெரியாது. அப்பாலதான் ஒவ்வொண்ணா போவும். டாக்டராண்ட தூக்கிக்கினு போ. நாளைக்கே போ."

சனிக்கிழமை காலையில் தூக்கிக்கொண்டு போனாள். கடைவீதிச் சந்திலிருந்த கிளினிக்கில் டாக்டர் இல்லை. மெட்ராசுக்குக் கல்யாணத்துக்குப் போனவர் மறியலில் மாட்டிக்கொண்டார். கம்பவுண்டர் காசிநாதன்தான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலனியின் கடைசி வீட்டுக்காரர். சாலம்மாளிடம் காய் வாங்குகிறவர்தான். செல்வியை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இமையைத் தூக்கிப் பார்த்தார். வெள்ளை விழி காய்ந்து சுருங்கி, ஓரத்தில் சோப்பு நுரை ஒட்டியது போல ஒரு திட்டு. வலக்கண்ணின் கருவிழி பரவாயில்லை. இடது கருவிழியில், கண்ணாடியில் வாய் வைத்து ஊதினால் வருமே, அப்படி ஒரு மங்கல்.

"எத்தனை நாளா கஞ்சி மட்டும் குடுத்துக்கிட்டிருக்க?"

"அம்மா எறங்குனதுலேந்து சார். மூணு வாரம்."

காசிநாதன் மருந்து அலமாரியைத் திறந்து பார்த்தார். மூடினார். இன்னொரு தடவை திறந்து பார்த்தார்.

"இதுக்குன்னு ஒரு எண்ணெ மருந்து இருக்கும்மா. ஒரு ஸ்பூன் வாயில ஊத்தினாப் போதும். தீர்ந்துபோச்சு. கடலூர்லேந்து வரணும். ரோடு தொறந்தாத்தான்."

"ரோடு எப்ப சார் தொறக்கும்?"

"உன் வீட்டுக்காரனைத்தான் கேக்கணும்," என்று சொன்னவர், சொன்னதும் வாயை மூடிக்கொண்டார். சாலம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். வரிசையில் இன்னும் ஆறு பேர் நின்றார்கள். அவள் நகரவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

காசிநாதன் ஒரு டப்பாவிலிருந்து வெள்ளை மாத்திரை பத்து எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

"காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. கீரை, பப்பாளி, கேரட்டு, பச்சையா மஞ்சளா எது கெடைச்சாலும் குடு."

"பத்தியம் இன்னா சார்?"

அவர் அதற்குள் அடுத்த ஆளின் கைக்கட்டை அவிழ்க்க ஆரம்பித்திருந்தார். "வழக்கந்தாம்மா. போ, போ."

வழக்கமான பத்தியம் எது என்று மேட்டில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். மருந்து சாப்பிடும்போது அகத்திக்கீரையும் பாகற்காயும் வாயில் படக் கூடாது. இரண்டும் மருந்தை முறித்துவிடும். சாலம்மாள் பொட்டலத்தைத் தாலிக்கயிற்று முடிச்சில் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

கீரைக்கு எங்கே போவது? மேட்டில் இருந்த ஆறு முருங்கை மரமும் மூன்றே நாளில் துடைப்பமாகிவிட்டன. ஊரே அதைத்தான் உருவித் தின்றது. உச்சியில் எட்டாத கிளையில் நாலு ஈர்க்கு பச்சையாக நின்றது. ராணியம்மாளின் தம்பி அன்புச்செல்வன் ஏறி ஒடித்துப் போட்டான். அது செல்விக்கு ஒரு வேளை. காலனிக்குப் போய்க் கமலாம்மா வீட்டுப் பின்வாசலில் நின்று ஒரு கேரட் கேட்டாள். தான் விற்ற கேரட்டைத் தானே கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது.

"ரெண்டு மூணுதான் இருக்கு சாலம்மா, பசங்க ஸ்கூல் தொறந்தா டிபனுக்கு வேணும்," என்ற கமலாம்மா உள்ளே போனார். ஃப்ரிட்ஜ் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. ஒரு கேரட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். "குழந்தையைப் பாத்துக்கோ." அது ஞாயிற்றுக்கிழமைக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ராணியம்மாள் ஒரு வழி சொன்னாள். "செவ்வாக்கெழம மாளய அமாவாச. மாட்டுக்கு அகத்தி குடுக்காம காலனில ஒரு வூட்லயும் எல போட மாட்டாங்க. கீரக்காரி ஒருத்தியும் வரப்போறதில்ல. கச்சிராயபாளையம் வழியில கொடிக்கால் இருக்குதில்ல, அங்க போய்க் கட்டிக்கினு வா. கேட்ட வெல குடுப்பாங்க. அந்தக் காசுல தம்பிய சைக்கிள்ள ஏத்தி அனுப்புறன். சாஞ்ச மரத்த தாண்டித் தாண்டியாவது ஆத்தூர் பெரிய டாக்டராண்ட புள்ளையக் கொண்டு போய்ச் சேத்துடுவான்."

சாலம்மாளுக்கு அதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. திங்கட்கிழமை விடியற்காலையில் செல்வியை ராணியம்மாளிடம் விட்டுவிட்டு மேற்கே நடந்தாள். எதிரே கல்வராயன் மலைமேல் மழை கறுத்து நின்றது. கீழே ஒரு பொட்டுத் தூறல் இல்லை. ரோடு நெடுக மரங்கள் குறுக்கே கிடந்தன. லாரி இல்லை, பஸ் இல்லை. சாய்ந்த புளியமரத்தில் ஆடுகள் ஏறி நின்று இலை கடித்தன.

வெற்றிலைக் கொடிக்கால்காரர் அரங்கநாதன் அவளைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"நீயுமா? காலைலேந்து நாலு பேரு. அகத்தி கொடிக்கு நெழலும்மா. மொத்தமா கழிச்சுட்டா வெத்தல வெயில்ல வெந்துடும்."

"புள்ளைக்குக் கண்ணு மங்கிப்போச்சுங்க. வித்துதான் டாக்டராண்ட போவணும்."

அவர் கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார். "மேக்கால பாத்தியில ஒடிச்சிக்கோ. நுனிய விட்டுட்டு ஒடி." அவள் ஒடித்துக் கட்டுகிறபோது பக்கத்தில் வந்து நின்றார். "பச்சமுத்து எங்க?"

"தியாகதுருகம் ரோட்டுக்குப் போச்சுங்க."

"அங்க நேத்து போலீசு ரெண்டு வேன்ல ஆளுங்கள ஏத்திக்கினு போனதாப் பேச்சு. சொல்லலாமா கூடாதான்னு பாத்தன்."

சாலம்மாள் வாழைநாரைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டாள். இருபத்தெட்டுக் கட்டு சேர்ந்தது.

சுமையைத் தூக்கிவிட அரங்கநாதன் ஒரு கை கொடுத்தார். வழியில் கை கொடுக்க யார் இருக்கிறார்கள்? குறுக்கே மரம் வரும் இடத்திலெல்லாம் சுமையை இறக்கி, மரத்தின் மேல் வைத்து, தான் அந்தப் பக்கம் தாண்டி, குனிந்து தலையைச் சுமைக்கடியில் கொடுத்து நிமிர்ந்தாள். ஏழு மரம். ஏழாவது மரத்தில் வெட்டுவாய் ஈரமாக இருந்தது. எவன் புருஷன் வெட்டினானோ என்று நினைத்துக்கொண்டாள். கழுத்து நரம்பு துடித்தது. தலைக்கு மேலே அகத்தியின் பச்சை வாசனை இறங்கி மூக்கில் ஏறிக்கொண்டே இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, சும்மாடு சுற்றிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். செல்வி சுமைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தரையைத் தடவிக்கொண்டிருந்தாள். உதிர்ந்த இலைகளை விரலால் கண்டுபிடித்துக் கண்டுபிடித்து வாயில் போட்டு மென்றாள். கசப்புக்கு முகம் சுளித்தது, ஆனாலும் மென்றாள்.

"அய்யய்யோ, துப்புடி! துப்பு!"

சாலம்மாள் ஓடிவந்து அவள் வாய்க்குள் விரலை விட்டு வழித்தெடுத்தாள். கன்னத்துக்குள் ஒளிந்திருந்த ஒரு இலையையும் விடவில்லை. சொம்புத் தண்ணீரால் வாயைக் கொப்பளிக்க வைத்தாள்.

"பசிக்குதும்மா."

"இது ஆவாது கண்ணு. மருந்து முழுங்கறல்ல, முறிச்சுடும். கஞ்சி இருக்குது, பெரிம்மா குடுக்கும். நாளைக்கு நீ சைக்கிள்ள டாக்டராண்ட போவப்போற."

"சைக்கிள்ல பெல்லு இருக்குமா?"

"இருக்கும்."

காலை மாத்திரையைக் கொடுத்துவிட்டுச் சுமையைத் தூக்கினாள்.

ராணியம்மாள் சொன்னது சரியாகப் போயிற்று. காலனியில் வாசலுக்கு வாசல் நின்று வாங்கினார்கள். பேரம் பேசவில்லை. "தெய்வமாட்டம் வந்தே," என்று ஒரு பெரியவர் சொன்னார். பாதிப் பேர் இரண்டு கட்டு வாங்கினார்கள். கமலாம்மாவும் வாங்கினார். பால்காரத் தங்கமணி, தன்னுடைய சிவப்புப் பசுவைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, வீடு வீடாக நிறுத்தி நிறுத்தி ஓட்டிக்கொண்டு வந்தான். அந்தத் தெருவுக்கு அமாவாசைக்கு அது ஒன்றுதான் பசு.

பதினொரு மணிக்கு ஒரே ஒரு கட்டு மிஞ்சியிருந்தது. காசிநாதன் சைக்கிளை விட்டு இறங்கினார்.

"அப்பாடா, இருக்கா? எங்கப்பாவுக்குக் குடுக்கணும்." கட்டைக் கையில் வாங்கியவர் அதை ஒரு தடவை பார்த்தார், அவளைப் பார்த்தார். "இவ்வளவு கீரை எங்கேந்து பிடிச்ச? நல்லதாப் போச்சு. புள்ளைக்கு நேத்தே ஆக்கிக் குடுத்திருப்பியே?"

"அவளுக்கு எப்படி சார் குடுக்கறது? மருந்து சாப்புடுறாளே. காலைல ரெண்டு எல வாயில போட்டுக்கினா, விரல விட்டு நோண்டி எடுத்துட்டன்."

காசிநாதனின் முகம் மாறிக்கொண்டே போனதை அவள் பார்த்தாள். காசு குறைகிறதோ என்றுதான் முதலில் நினைத்தாள்.

"எந்த மருந்து?"

"நீங்க குடுத்தது சார். வெள்ளை மாத்திர. வேள தவறாம குடுக்கறன்."

அவர் சைக்கிளை ஸ்டாண்டு போட மறந்தார். அது அவர் இடுப்பில் சாய்ந்தது.

"சாலம்மா, அது மருந்தில்லம்மா. சும்மா சுண்ணாம்புச் சத்து. வெறுங்கையோட உன்னைத் திருப்பி அனுப்ப மனசு வரல. அதான் எடுத்துக் குடுத்தேன். அதுல முறியறதுக்கு ஒண்ணுமே இல்ல." கட்டை அவள் கையில் திணித்தார். "இதும்மா. இதுதாம்மா. நான் சொன்ன கீரை இதுதான். போ. ஓடு. எங்கப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

சாலம்மாள் ஓடவில்லை. முறியறதுக்கு ஒண்ணுமே இல்ல, ஒண்ணுமே இல்ல என்று உதட்டுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். இருபத்தெட்டுக் கட்டு ராத்திரி முழுக்க அவள் வீட்டில், பிள்ளையின் தலைமாட்டில் இருந்தது. அதை நினைத்ததும்தான், கையிலிருந்த ஒற்றைக் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நகர்ந்தாள். வீட்டுப் பக்கம் அல்ல. விற்ற வீடுகளின் பக்கம்.

முதல் வீட்டில் வாசலெல்லாம் மொட்டைக் காம்பு. இரண்டாவது வீட்டில் கதவு சாத்தி உள்ளே சாம்பிராணிப் புகை. மூன்றாவது வீட்டில், "குடுத்தாச்சே," என்றார்கள். தெருக்கோடியில் கமலாம்மா வீட்டு வாசலில் பசு நின்றுகொண்டிருந்தது. கமலாம்மா ஈரப் புடவையோடு கட்டை அதன் வாய்க்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தார். பசு முகத்தைத் திருப்பிக்கொண்டது. இந்தப் பக்கம் போய் நீட்டினால் அந்தப் பக்கம் திருப்பியது. வயிறு இரண்டு பக்கமும் புடைத்து, கண் சொருகி, கடைவாயில் பச்சை நுரை வழிந்தது.

"நெறஞ்சு போச்சுங்கம்மா அதுக்கு," என்றான் தங்கமணி. "இருவது வூட்டுத் தீனி."

"ஒரே ஒரு வாய்டா. எங்க மாமியார் பேரைச் சொல்லிக் கையில எடுத்துட்டேன். அது வாங்கலேன்னா எப்படி?"

சாலம்மாள் மூச்சு வாங்க வந்து நின்றாள். "அம்மா, அந்தக் கீரைய எனக்குக் குடுத்துடுங்கம்மா. காச வாங்கிக்கோங்க. எம் பொண்ணுக்கு வேணும்."

கமலாம்மா திரும்பினார். அவருக்குக் கோபம் இல்லை; பயம்தான் இருந்தது. "எடுத்துக்கோ சாலம்மா, நான் வேணாங்கல. ஆனா மாடு ஒரு வாய் தொட்டாத்தானே எனக்கு நிம்மதி? போன வருஷமும் ஏதோ குறை வெச்சுட்டேன். இந்த வருஷம் பூரா இவருக்கு உடம்பு சரியில்ல."

பேசி ஆகப்போவதில்லை என்று சாலம்மாளுக்குத் தெரிந்தது. கட்டை வாங்கினாள். பசுவின் தாடையைத் தடவினாள். அலைதாடியைச் சொறிந்துகொடுத்தாள்.

"தின்னுடி. எங்கம்மா இல்ல. ஒரு வாய் தின்னுடி. ஒண்ணே ஒண்ணு. உங் கால்ல வுழறன், தின்னு."

பசு முகர்ந்தது. மூச்சு விட்டது. பிறகு நாக்கை நீட்டி நுனியைச் சுருட்டி இழுத்தது. "ஆச்சுங்கம்மா!" என்று சாலம்மாள் கத்தினாள். கமலாம்மா பசுவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆனால் சொறிந்த சுகமோ என்னவோ, பசு விடவில்லை. இன்னொரு வாய் இழுத்தது, இன்னொன்று. சாலம்மாள் பிடித்து இழுப்பதற்குள் பாதிக் கட்டு போய்விட்டது. மிச்சத்தில் எச்சில் கயிறாகத் தொங்கியது. அதை மடியில் கட்டிக்கொண்டு, தரையில் குனிந்து, குளம்பில் மிதிபட்ட இணுக்குகளையும் பொறுக்கினாள்.

"அதெல்லாம் எதுக்கு சாலம்மா, சாணிக்கால்ல மிதிச்சது. இரு, ஃப்ரிட்ஜில கேரட் இருக்கு, எல்லாத்தையும் தரேன்…"

அவர் உள்ளே போய்த் திரும்பி வந்தபோது வாசலில் தங்கமணியும் பசுவும்தான் நின்றார்கள்.

மேட்டில் ராணியம்மாள் செல்வியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாலம்மாளைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"நீ போனதுலேந்து கண்ண தொறக்க மாட்டேங்குதுடி. வெளிச்சம் குத்துதாம். எடதுகண்ணு…" என்று நிறுத்தினாள். "நீயே பாரு."

சாலம்மாள் பார்க்கவில்லை. அடுப்பை மூட்டினாள். கீரையை ஐந்து தண்ணீரில் அலசினாள். அரிசி கழுவின தண்ணீரில் வேகவைத்து, ராணியம்மாள் வீட்டிலிருந்து ஒரு கரண்டி எண்ணெய் வாங்கி ஊற்றி, கையால் மசித்தாள். மூன்று மணிக்கு முதல் தடவை கொடுத்தாள். செல்வி கசக்கிறது என்று பாதியைத் துப்பினாள். துப்பினதை வழித்து மறுபடியும் ஊட்டினாள். பொழுது சாய்ந்ததும் காசிநாதன் கொடுத்த கட்டில் இன்னும் கொஞ்சத்தை அடுப்பில் ஏற்றினாள். இருட்டினால் கீரை தின்னக் கூடாது என்பார்கள். தின்னக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. தட்டில் போட்டு ஆற்றினாள்.

மேடு முழுக்க ஒவ்வொரு வீட்டிலும் விளக்கு ஏறியது. தூரத்தில், மெயின்ரோட்டுப் பக்கம், யாரோ மரத்தை இழுத்துப் போடுகிற சத்தமோ, அப்புறப்படுத்துகிற சத்தமோ கேட்டது. அன்புச்செல்வன் நாளைய பயணத்துக்குச் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். நடுவில் பெல்லை ஒரு தடவை அடித்துப் பார்த்தான்.

செல்வி அந்தப் பக்கம் தலையைத் திருப்பினாள். சாலம்மாள் அந்தச் சமயம் பார்த்து ஒரு உருண்டையை வாயில் வைத்தாள்.

"கசக்குதும்மா. இது மருந்தா?"

"ஆமாங்கண்ணு. இதான் மருந்து. மென்னு முழுங்கு."

"காலைல வேணாம்னியே?"

சாலம்மாள் அடுத்த உருண்டையை உருட்டினாள். உருட்டிக்கொண்டே இருந்தாள். செல்வி தானாகவே வாயைத் திறந்தாள். கடைசி உருண்டைவரைக்கும் துப்பவில்லை. தட்டைத் தடவிப் பார்த்து, ஒட்டியிருந்ததையும் நக்கினாள். அம்மாவின் மடியில் தலை வைத்துப் படுத்தாள்.

"அம்மா."

"இன்னா கண்ணு."

"ஒரே இருட்டா இருக்குது. நீ வெளக்கு ஏத்தலியா?"

"ஏத்தல கண்ணு. இன்னும் ஏத்தல."

உண்மையாகவே ஏற்றவில்லை. சிம்னி விளக்கு எண்ணெய் ஊற்றித் திரி நிமிர்த்திப் பக்கத்தில்தான் இருந்தது. தீப்பெட்டி அவள் கையில் இருந்தது. ராணியம்மாள் வாசலில் வந்து நின்று, "இன்னாடி, அமாவாசையும் அதுவுமா வூட்ட இருட்டா வெச்சிருக்க?" என்று கேட்டாள். சாலம்மாள் தீப்பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மகளின் இமைமேல் கையை வைத்து, இருட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.